தாய் கொடுத்த காவல் தீரும்போது

சம்மாந்துறையில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "காட்டு யானைக்குட்டி வெயிலில் அலைகிறது, குப்பைமேட்டில் பொலித்தீன் தின்கிறது, வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறது. மிருகக்காட்சிசாலைக் குட்டிக்கு நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்திலேயே மிருக வைத்தியர். பிறகு ஏன் சேர் அந்தக் குட்டிகள் திடீர் திடீரென்று சாகின்றன?"

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை மனதில் வைத்துத்தான் அவர் கேட்டிருக்கிறார். அங்கே செத்த யானையின் வயிற்றைத் திறந்தால் காரணம் கண்முன்னே கிடக்கும்: பொலித்தீனும், சாப்பாடு சுற்றிய தாளும், சமிபாடு அடையாத பிளாஸ்டிக்கும். 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் அங்கே இறந்து கிடந்தபோது, எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அந்தக் குப்பையால் போய்விட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். மனிதர் செய்த கொலை அது. வேறு பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மாணவி கேட்ட சாவு வேறு வகை. மாலையில் மண்ணை வாரித் தலையில் போட்டு விளையாடிய குட்டி, அடுத்த நாள் சாப்பிட மறுக்கும். முகம் கொஞ்சம் வீங்கும். நாக்கின் நுனியில் ஊதா நிறம் தெரியும். சில குட்டிகள் இந்த அறிகுறி தெரிந்து 24 மணித்தியாலம்கூடத் தாங்குவதில்லை. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் சாவுக்கு எங்கள் பக்கத்தில் உடனே நாவூறு, செய்வினை என்று காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். மட்டக்களப்பு என்றாலே மந்திரம் என்று வெளியூர்க்காரர் சொல்லும்போது சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறவர்களும் நாங்கள்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தைத் தேடுவதை அந்தப் பேச்சு அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

இந்தச் சாவின் காரணத்தைத் தேடியவர்கள் கண்டுபிடித்த கதை இலங்கையிலிருந்து தொடங்குகிறது. 1976 இல், இலங்கைப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பரிசாக, பின்னவலவிலிருந்து சாந்தி என்ற அநாதை யானைக்குட்டி வாஷிங்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போனது. அது வளர்ந்து 1993 இல் ஒரு பெண்குட்டியை ஈன்றது. குமாரி என்று பெயர் வைத்தார்கள். 1995 இல், 16 மாத வயதில், குமாரி இறந்துபோனது. அதை வெட்டிப் பார்த்த நோயியல் வைத்தியர் லோரா ரிச்மன், இதயம் முழுக்கக் கசிந்து கிடந்த இரத்தத்துக்குப் பின்னால் ஒரு புது வைரசு இருப்பதைக் கண்டார். வேறு மிருகக்காட்சிசாலைகளில் முன்பு இப்படி இறந்த குட்டிகளின் சேமித்து வைத்த இழையங்களிலும் அது இருந்தது. 1999 இல் கண்டுபிடிப்பு வெளியானது. யானையின் இரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்கும் ஹேர்பிஸ் வைரசு என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அதை இ.இ.எச்.வி. என்கிறார்கள். சாந்தி பிறகும் ஒரு குட்டி போட்டது. துட்டகைமுனுவின் யானையின் பெயரில் அதற்குக் கண்டுல என்று பெயர். அது நலமாக வளர்ந்தது.

இந்த வைரசு ஹேர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தை நமக்கு நன்றாகத் தெரியும். கொப்புளிப்பான் வைரசும் அதே குடும்பம்தான். கொப்புளிப்பான் மாறினாலும் வைரசு உடலை விட்டுப் போவதில்லை, நரம்புக்குள் ஒளிந்து கிடக்கும். வயதானபின் உடல் தளரும் சமயம் பார்த்து அக்கியாக வெளியே வரும். வந்தால் போகாமல் தங்கிவிடுவது இந்தக் குடும்பத்தின் குணம். வளர்ந்த ஆசிய யானைகளின் இரத்தத்தைச் சோதித்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இ.இ.எச்.வி. தொற்றிய அடையாளம் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு ஒரு சுகவீனமும் இல்லை. அவ்வப்போது வைரசு விழித்து, தும்பிக்கையின் சளியில் கொஞ்ச நாள் வெளியேறும். அவ்வளவுதான்.

யானைகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது என்ன செய்கின்றன என்று கவனித்திருப்பீர்கள். தும்பிக்கையின் நுனியை மற்றதன் வாய்க்குள் வைக்கும். குட்டியோ தாயின் வாய், சித்தியின் வாய், பாட்டியின் வாய் என்று எல்லார் வாயிலும் தும்பிக்கையை விட்டு என்ன தின்கிறார்கள் என்று பார்க்கும். வைரசு குட்டிக்குப் போக இதைவிட நேரான வழி வேண்டியதில்லை.

உள்ளே போன வைரசுக்கு உடலில் மிகப் பிடித்த இடம் இரத்தக்குழாயின் உட்சுவர், அதாவது அகவணி. மிக நுண்ணிய இரத்தக்குழாயான மயிர்க்குழாயில் அந்தச் சுவர் ஒரே ஒரு கலத்தின் தடிப்பு. வைரசு அந்தக் கலங்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறும். வயல் வரம்பில் நண்டு வளை போட்டால் என்ன நடக்கும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. வரம்பு வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் நிற்கும், தண்ணீர் மட்டும் அடுத்த வயலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வளையென்றால் மண் வைத்து அடைக்கலாம். வரம்பு நெடுக ஆயிரம் வளை என்றால்? அப்படித்தான் நாக்கிலும், இதயத்திலும், குடலிலும் ஒரே சமயத்தில் இரத்தம் கசியத் தொடங்கும். நாக்கு ஊதாவாவதும் முகம் வீங்குவதும் அதனால்தான். டெங்கில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து இரத்த அழுத்தம் விழுவதை வைத்தியசாலையில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். யானைக்குட்டியில் அது இன்னும் வேகமாக, இன்னும் முழுதாக நடக்கிறது.

சரி, எல்லா யானைக்கும் தொற்றும் என்றால், எல்லாக் குட்டியும் ஏன் சாகவில்லை? ஒரு குட்டிக்கு வந்து போனதே தெரியாது, இன்னொன்று ஒரே நாளில் போய்விடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

யானை 22 மாதம் சுமக்கிறது. அந்தக் காலத்தில் தாயின் பிறபொருளெதிரிகள், அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதங்கள், சூல்வித்தகத்தின் (நஞ்சின்) ஊடாகக் குட்டிக்குள் போகின்றன. மாட்டுக்கன்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது பிறந்த கையோடு கடும்புப் பால் குடித்தால்தான் தாயின் பிறபொருளெதிரி கிடைக்கும், அதனால்தான் மாடு வளர்ப்பவர்கள் முதல் நாள் பாலைக் கன்றுக்கே விடச் சொல்கிறார்கள். யானைக்குட்டியோ பிறக்கும்போதே தாயின் அளவுக்குப் பிறபொருளெதிரியோடு தரையில் விழுகிறது. தாய் தன் ஆயுளில் எந்தெந்தக் கிருமியைச் சந்தித்ததோ, அதற்கெல்லாம் குட்டியிடம் பதில் இருக்கும்.

ஆனால் அந்தப் பிறபொருளெதிரியைச் செய்யத் தெரிந்த கலங்கள் தாயின் உடலில்தான் இருக்கின்றன. குட்டியிடம் வந்தது வந்த அளவுதான், மெல்ல மெல்ல உடைந்து குறைந்துகொண்டு போகும். இந்தக் குறையும் காலத்துக்குள் குட்டி வைரசைச் சந்தித்தால் நடப்பது மிக அழகானது. வைரசு உள்ளே வரும், ஆனால் தாயின் பிறபொருளெதிரி அதைத் தலைதூக்க விடாது. அந்த அவகாசத்தில் குட்டியின் சொந்த நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, வைரசைப் பழகிக்கொள்ளும், தானே பிறபொருளெதிரி செய்யத் தொடங்கும். தாயின் பங்கு தீரும்போது குட்டியின் பங்கு தயாராக இருக்கும். குட்டி பாலைக் குடித்துக்கொண்டு, மண்ணில் புரண்டுகொண்டு, ஒன்றும் அறியாமல் ஆயுளுக்கும் பாதுகாப்பைப் பெற்றுவிடுகிறது.

சந்திப்பு பிந்திவிட்டால்? தாய் கொடுத்தது தீர்ந்துவிட்டது, சொந்தமாக ஒன்றும் செய்து வைக்கவில்லை. அந்த இடைவெளியில் வைரசு முதல் தடவையாக வருகிறது. அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இந்த நோயில் இறந்த குட்டிகளின் இரத்தத்தைச் சோதித்து 2020, 2021 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதைத்தான் காட்டின. இறந்த குட்டிகளில் இந்த வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி இல்லை, அல்லது இருந்தும் இல்லாத அளவு. அவற்றைக் கொன்றது உள்ளே உறங்கிக் கிடந்த பழைய வைரசு அல்ல, அப்போதுதான் வந்த புது வைரசு. நோய் பெரும்பாலும் ஒன்றிலிருந்து எட்டு வயதுக் குட்டிகளைத் தாக்குவதும் இதனோடு பொருந்துகிறது. இந்த வைரசில் பல வகை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசியக் குட்டிகளைக் கொல்வதில் 1ஏ என்ற வகைதான் முன்னால் நிற்கிறது.

மாணவியின் கேள்விக்கு விடையின் பெரிய பகுதி இப்போது கிடைத்துவிட்டது. காட்டில் ஒரு மந்தை இன்னொரு மந்தையோடு குளக்கரையில் கலக்கும், குட்டி பல தும்பிக்கைகளைத் தொடும், ஆகவே காலத்தோடு தொற்று வந்துவிட வாய்ப்பு அதிகம். மூன்று நான்கு யானைகள் மட்டும் உள்ள மிருகக்காட்சிசாலையில் மாதக்கணக்கில் ஒரு யானைகூட அந்த வைரசை வெளியேற்றாமல் இருக்கலாம். சுத்தமும் தனிமையும் சேர்ந்து சந்திப்பைப் பிந்த வைத்துவிடுகின்றன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. வட அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளில் இறந்த ஆசிய யானைக்குட்டிகளில் பாதிக்கு மேல் இந்த நோயால் போனவை.

அப்போ என்ன செய்யலாம்? முகம் வீங்கிய பிறகு பெரும்பாலும் நேரம் கடந்துவிடும். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே வைரசு இரத்தத்தில் பெருகத் தொடங்கிவிடும். அதனால் குட்டியை ஆசை காட்டிப் பழக்கி, காதின் பின்புற இரத்த நாளத்திலிருந்து கிழமைக்கு ஒரு தடவையாவது இரத்தம் எடுக்கிறார்கள். பி.சி.ஆர். என்பது கொரோனாவுக்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்த சொல். இங்கேயும் அதே பரிசோதனைதான். பெரிய யானைகளின் தும்பிக்கையையும் பார்க்க வேண்டும். துவாரத்தில் உப்பு நீரை ஊற்றி, தும்பிக்கையை மேலே தூக்கச் சொல்லி, பிறகு ஒரு பையைப் பிடித்து அதற்குள் ஊதச் சொல்வார்கள். நன்றாகப் பழகிய யானை சொன்னதும் ஊதும், பை சளியும் மண்ணுமாக நிரம்பும். காசநோயைத் தேடுவதும் இதே வழியில்தான்.

இரத்தத்தில் இன்னொரு சைகையும் உண்டு. மனிதரின் வெண்குருதிக் கலங்களில் ஒற்றைக்குழியங்கள் என்ற வகை நூற்றுக்குச் சில மட்டுமே. யானையிலோ மிக அதிகமாக இருப்பவை அவைதான், அதிலும் பலவற்றின் கரு இரண்டாகப் பிளந்தது போல இருக்கும். மனித இரத்தத்துக்குச் செய்த இயந்திரத்தில் போட்டால் அது இவற்றை வேறு கலம் என்று பிழையாக எண்ணிவிடும். ஆகவே கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் கண்ணால் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை திடீரென்று விழுந்தால், குட்டி இன்னும் துள்ளிக்கொண்டு நின்றாலும், வைத்தியம் தொடங்க வேண்டும். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாத இந்த வேலையை நம் பல்கலைக்கழக மாணவர் எவருக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

வைத்தியம் என்பது மனிதரின் ஹேர்பிஸ் நோய்களுக்குக் கொடுக்கும் பாம்சிக்ளோவிர் போன்ற மருந்து, நிறையச் சேலைன், அப்புறம் நலமான பெரிய யானையிடமிருந்து எடுத்த பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அந்தப் பிளாஸ்மாவில் குட்டியிடம் தீர்ந்துபோன அதே பிறபொருளெதிரி இருக்கிறது. மருந்தை விழுங்காத குட்டிக்கு அதை அரைத்து மலவாசல் வழியாகக் கொடுக்கிறார்கள். எல்லாம் செய்தும் அறிகுறி வந்தவற்றில் பாதிக்கு மேல் தப்புவதில்லை.

தடுப்பூசிதான் நிலையான வழி. பல வருடம் முயன்றும் இந்த வைரசை ஆய்வுகூடக் கலங்களில் வளர்க்க முடியாமல் இருந்ததால் பழைய முறைத் தடுப்பூசி சாத்தியமாகவில்லை. 2024 ஜூனில் அமெரிக்காவின் ஹூஸ்டன் மிருகக்காட்சிசாலையில் டெஸ் என்ற 40 வயது யானைக்கு, கொரோனாவின்போது நாம் கேள்விப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. முறையில் செய்த ஊசி முதன்முதலாகப் போடப்பட்டது. இங்கிலாந்தின் செஸ்டரிலும் வளர்ந்த யானைகளில் வேறொரு தடுப்பூசியைப் பரிசோதித்து 2025 இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்தான அந்த இடைவெளி வருமுன் குட்டிக்குச் செயற்கையாக ஒரு முதல் சந்திப்பை ஏற்படுத்துவதுதான் இதன் நோக்கம்.

"மனிசரை யானை அடிக்கிற ஊரில் யானைக்கு ஊசியா?" என்று படுவான்கரையில் யாராவது கேட்டால் கோபப்பட மாட்டேன். வேளாண்மையைக் காக்க விடிய விடிய விழித்திருப்பவர்களின் கேள்வி அது. ஆனால் இந்த ஆய்வுக்கு வேண்டிய ஆய்வுகூடம் யானைக்கு மட்டும் உரியதல்ல. 2022 டிசம்பரில் குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்து விழுந்தபோது, குளிரா தொற்றுநோயா என்று தெரியாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன! நாட்டில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் ஒன்றுதான் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள், ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே குப்பைமேட்டுக்கு அருகில் இருக்கிறது. எருமையும் ஆடும் யானையும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும் மாகாணத்துக்குச் சொந்தமாக ஒரு விலங்கு நோய் ஆய்வுகூடம் கேட்பதை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது.

தங்கச்சி, காட்டுக் குட்டிக்கு இது வராதென்று மட்டும் நினைக்காதீர்கள். கேரளா, தமிழ்நாட்டுக் காடுகளில் காட்டுக் குட்டிகளும் இதே நோயில் இறந்ததை 2013 இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. காட்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் நம் வெயிலுக்கு உடல் விரைவில் அழுகி, கசிந்த இரத்தமும் அழுகலும் ஒன்றாகிவிடும். கல்லோயா காட்டோரமோ உன்னிச்சைக் குளத்துப் பக்கமோ, சூடோ வெடியோ பட்ட காயமில்லாத குட்டி ஒன்று இறந்து கிடந்தால், மந்தை பக்கத்திலேயே நிற்கும், ஆகவே கிட்டப் போகாமல் அன்றைக்கே வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். முகமும் நாக்கும் தெரிய, தூரத்தில் நின்று எடுத்த படம் ஒன்று இருந்தால் அதையும் கொடுங்கள். இதயத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குளிரில் வைத்துப் பேராதனைக்கு அனுப்புவதா என்று மிருக வைத்தியர் தீர்மானிக்க அது உதவும்.