செத்த கோழியும் கடிக்காத நாயும்

திங்கட்கிழமை காலை கால்நடை ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும்போதே இரண்டு அம்மாமார் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் உரச்சாக்கு. இன்னொருவர் கையில் சங்கிலி, அதன் மறுமுனையில் ஒரு வயது மதிக்கத்தக்க, கன்னி என்ற இனத்து வேட்டை நாய், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் சுவரை மோந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா, இவங்க நாய் என் வெடக்கோழியக் கொன்னுருச்சு. நீங்க பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க, அறுநூறு ரூவா வாங்காம நான் இன்னைக்கு வீட்டுக்குப் போறதா இல்ல" என்றார் சாக்குக்காரர்.

விருதுநகர் மாவட்டத்தில் மாட்டு டாக்டர் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்து புதிதல்ல. நாய் இனங்களுக்குப் பெயர் தந்த சிப்பிப்பாறை என்ற ஊரும் ராஜபாளையமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஓடுவதைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அதே தெருக்களில் வீட்டுக்குப் பத்துச் சிறுவிடை நாட்டுக்கோழியும் உண்டு. சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சாக்கை அவிழ்த்துக் கோழியை மேசையில் கிடத்தினேன். முதுகில், இடது தொடைக்குச் சற்று மேலே, இறகு கலைந்து எச்சில் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அங்கே இறகைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் நான்கு பல் ஓட்டை. நாய்ப் பல்தான், சந்தேகமே இல்லை. நாய்க்கார அம்மா தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். ஆனால் தோலைக் கீறி விரித்தபோது உள்ளே சதை வெளிறி, சுத்தமாக இருந்தது. உயிரோடு இருக்கும் கோழியை நாய் கவ்வினால் இப்படி இருக்காது. மேலே ஓட்டை மிளகு அளவுதான் தெரியும், தோலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டிக் கருநீலமாகக் கன்றிப்போயிருக்கும். செத்துப்போன உடம்பில் ரத்தம் ஓடாது, அதனால் கட்டவும் கட்டாது. அப்புறம் வாலைத் தூக்கினேன். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருந்தது. வயிற்றைத் திறந்து, தீனியை அரைக்கும் கெட்டிச் சதைப்பைக்கு முன்னால் இருக்கும் சின்ன இரைப்பையை வெட்டித் திருப்பிக் காட்டினேன். குண்டூசியால் குத்தியதுபோல வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேட் என்று நாங்கள் சொல்லும் நோய். கோழி ராத்திரியே செத்திருக்கிறது, விடிகாலையில் நாய் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு அறுநூறு ரூபாயைவிடப் பெரிய கவலை வேறு. "உங்ககிட்ட மிச்சம் எத்தன கோழி இருக்கு?" என்று கேட்டேன். பதினொன்று. அதில் இரண்டு கோழி, மூன்று நாளாகத் தூங்கி வழிகிறது என்றார். ஏற்கெனவே கிருமி ஏறிய கோழிக்குத் தடுப்பூசி போட்டுப் பயனில்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஏழு போய்விட்டன. அந்த மூன்று நாளும் கோழியைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டு நாயையே முறைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

நாய் எப்போதும் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. என்னிடம் வரும் பத்துக் கோழிச் சாவில் பாதிக்கு மேல் நாய்தான் காரணம். ஆனால் யார் செய்தது என்று தெரியாமல் வேலியைச் சரிசெய்ய முடியாது. நாய் புகுந்த கூண்டு ஒரு ரகம்: நான்கைந்து கோழி அங்கங்கே கிடக்கும், இறகு முற்றமெல்லாம் பறக்கும், பெரும்பாலும் எதையும் தின்றிருக்காது, கடி முதுகிலும் தொடையிலும் இருக்கும். கீரி என்றால் தலையும் கழுத்தும்தான் குறி, முட்டையும் காணாமல் போகும். குஞ்சு மட்டும் ராத்திரியில் ஒவ்வொன்றாகக் குறைந்தால் பெருச்சாளியைச் சந்தேகப்படுங்கள். ஓட்டுக்கூரை வழியாக இறங்கிக் கழுத்தைக் கடித்துப்போட்டுவிட்டுப் போவது மரநாய். பெயரில்தான் நாய் இருக்கிறது, அது புனுகுப்பூனையின் சொந்தம். இந்தப் பெயராலேயே ஒரு தடவை, "மரநாய் பிடிச்சிருக்கு" என்று நான் சொன்னதை "நாய் பிடிச்சிருக்கு" என்று காதில் வாங்கிக்கொண்டு போய் ஒருவர் பக்கத்து வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

சரி, நாய் விஷயத்துக்கு வருவோம். "ருசி கண்ட நாய் விடாது" என்று ஊரில் சொல்வார்கள். ருசியைவிட ஓட்டம்தான் காரணம். பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறுவது என்று நாயின் வேட்டைக்கு ஒரு வரிசை இருக்கிறது. கோழி கத்திக்கொண்டு சிறகடித்து ஓடும்போது அந்த வரிசை தானாக ஓட ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தில் எஜமான் குரல் அதன் காதில் ஏறாது. வயிறு நிறையச் சோறு போட்ட நாயும் துரத்தும். தன் வீட்டுக் கோழியோடு மூன்று வருஷம் ஒரே நிழலில் படுத்த நாய், பக்கத்து வீட்டுக் கோழி சுவர் தாண்டி வந்தால் ஒரே கவ்வில் முடித்துவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரையான பருவமும், இரண்டு நாய்கள் சேர்ந்து அவிழ்ந்து திரியும் நேரமும்தான் அதிகம் பயப்பட வேண்டியவை.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்திவிடும் என்கிற வைத்தியத்தை இன்னும் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அழுகிய கோழி நாய்க்கு நாறாது, மணக்கும். அடித்தால், கோழியைத் துரத்தக்கூடாது என்று கற்றுக்கொள்ளாது, நீங்கள் இருக்கும்போது துரத்தக்கூடாது என்று கற்றுக்கொள்ளும். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் குட்டி பார்க்கிற எல்லாமே அதற்குச் சாதாரணமாகிவிடும், அந்த வயதில் தினமும் வலைக்கு இந்தப் பக்கம் கயிற்றோடு உட்காரவைத்துக் கோழியைக் காட்டுங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு முட்டை. வளர்ந்த நாய்க்கும் இது ஓரளவு பலிக்கும். ஆனால் எத்தனை நன்றாகப் பழகினாலும் ஆளில்லாத நேரத்தில் நாயையும் கோழியையும் ஒரே முற்றத்தில் விட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அனுபவத்தில் பழக்குவதைவிட வலைதான் காப்பாற்றும், அதிலும் எந்த வலை என்பது முக்கியம். கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கோழிவலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் உள்ளே வராமல் இருக்க உதவாது. ஒரு ராஜபாளையம் முன்காலைப் போட்டு இரண்டு இழு இழுத்தால் அப்பளம் மாதிரி பிய்ந்துவிடும். வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை, வாங்குங்கள். அரை அங்குலக் கண்ணாக இருந்தால் கீரிக்கும் சேர்த்துத் தடுப்பு. உயரம் ஐந்தடி, முடிந்தால் ஆறடி. எல்லாரும் மறப்பது அடிப்பக்கத்தைத்தான். நாய் தாண்டுவதைவிடத் தோண்டுவதுதான் அதிகம். வலையின் கீழ்ப்பகுதியை ஓரடி மண்ணில் புதைக்க வேண்டும், அல்லது ஒன்றரை அடி அகல வலையை வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்துக் கல் பரப்ப வேண்டும். நாய் வலையோரத்தில்தான் பிறாண்ட ஆரம்பிக்கும், நகத்தில் கம்பி தட்டினால் நாலு தடவையில் அலுத்துவிடும். கருவேல முள் வேலி போட்டிருக்கிறோம் என்பவர்கள் ஒருமுறை குத்தவைத்து உட்கார்ந்து கீழே எட்டிப் பாருங்கள், ஒரு நாய் போய்வந்த வழவழப்பான பாதை அங்கே இருக்கும்.

வலைக்குக் காசில்லை என்றால் கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை இருக்கிறது. நம் பாட்டிமார் பொழுது சாயும்போது "பா பா" என்று கூப்பிட்டுக் கோழி அடைத்ததில் அர்த்தம் இருந்தது. சாயங்காலமும் விடிகாலையும்தான் கோழி அதிகம் பறிபோகும் நேரம். பஞ்சாரத்தின் மேல் ஒரு கல் வைத்தால் போதாது, நாய் மூக்கால் முட்டிக் கவிழ்த்துவிடும். திண்ணையிலோ கதவுக்கு உள்ளேயோ வைத்துக் கவிழ்த்துங்கள்.

இன்னொரு இடத்தில் பிசகுகிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. நாயின் சோற்றுத்தட்டு. மத்தியானம் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவீர்கள். நாய் பாதி தின்றுவிட்டுப் படுக்கும். பக்கத்து வீட்டுக் கோழி மெதுவாக வந்து பருக்கையைக் கொத்தும். கட்டிப்போட்ட நாய், தன் தட்டு, தன் எல்லை. அது கடித்தால் அதைத் திட்டி என்ன பிரயோசனம்? தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். கோழிக்காரர்களும் மத்தியானத் தீனியைத் தங்கள் வீட்டிலேயே வைத்தால் கோழி ஊர் மேயாது. கடையில் வாங்கும் கறிக்கோழித் தீவனத்தை நாய்க்கு வைக்கவும் கூடாது, அதில் ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கும் சில மருந்துகள் நாயின் கைகால்களை முடக்கிவிடும்.

உண்ணிக்காக நாய்க்கும் முற்றத்துக்கும் மருந்து தெளிக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் கொடுங்கள். விழும் உண்ணிகளைக் கோழி வரிசையாகக் கொத்தித் தின்னும், மருந்தோடு சேர்த்து. அன்றைக்குக் கோழி அடைந்தே கிடக்கட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு கறுப்புத் தெள்ளுப்பூச்சி நாயின் காது விளிம்புக்கும் வரும். காதோரம் கடுகு ஒட்டியதுபோல் இருக்கிறது என்று நாயைக் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது "பக்கத்துல கோழி இருக்கா?" என்பதைத்தான். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு இது தீராது, கோழிக்கூண்டின் மண்ணையும் குப்பையையும் அள்ளிக் கொளுத்த வேண்டும், இரண்டு வீடும் பேசினால்தான் முடியும்.

பேசாத வீடுகளில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கோழியை இழந்த கோபத்தில் அந்தச் செத்த கோழியிலேயே பூச்சிமருந்தைத் தடவி வேலியோரம் போடுவது. வாயில் நுரை தள்ளி, உடம்பு வெட்டி இழுக்க, கண்மணி கடுகாகச் சுருங்கிய நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து போட்டு மீட்டிருக்கிறேன், பலவற்றைக் கைவிட்டிருக்கிறேன். மருந்து வைத்தவருடைய மிச்சக் கோழிகளும் அதைக் கொத்தும், காக்கை ஒரு துண்டைக் கொண்டுபோய் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடும் என்று சொல்ல முடியாது. அது குற்றமும்கூட, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில், விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டுவரை சிறை. நாய்க்காரர்களும் இதே சட்டத்தின் 291ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தன் நாயால் மனிதருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக விட்டால் 6 மாதம்வரை சிறை உண்டு.

கோழியை நாய் கவ்விவிட்டால் கையை விட்டுப் பிடுங்காதீர்கள். என்னிடம் கோழியோடு வருபவர்களில் பாதிப்பேர் கையிலும் கட்டோடு வருகிறார்கள். ஒரு வாளித் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றுங்கள், ஈரச்சாக்கைத் தலைமேல் போடுங்கள். உங்களைக் கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம், தவணை தப்பாமல் முடியுங்கள், ரத்தம் வந்த கடி என்றால் கூடுதலாக இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. பக்கத்து வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். வெறிநோய் பாலூட்டிகளின் நோய், கோழி வழியாக அது பரவாது. ஆனாலும் நாய் கடித்துச் செத்த கோழியைக் குழம்பு வைக்காமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நோயில் செத்த கோழிக்கும் அதேதான். குப்பைமேட்டில் வீசினால் நாய் அதை நாலு முற்றத்துக்கு இழுத்துப் போகும். நாய்க்கு வெள்ளைக்கழிச்சல் வராது, கிருமியை மட்டும் வீடுவீடாகப் பட்டுவாடா செய்துவிடும்.

கடிபட்டு உயிரோடு இருக்கும் கோழி சாயங்காலம் எழுந்து நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். விரலால் தோலை அழுத்திப் பாருங்கள், பலூன்போல் உப்பி நறநறவென்றால் காற்றுப்பை கிழிந்திருக்கிறது. நாய்ப் பல்லின் கிருமி இரண்டு நாளில் காய்ச்சலாகும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் மேல்தோல் சிராய்ப்புக்குச் சரி, ஆழமான ஓட்டைக்குள் அப்பி அடைக்கக் கூடாது. உப்புநீரில் கழுவி, இருட்டான அட்டைப்பெட்டியில் தனியாக வைத்து, எங்களிடம் கொண்டுவாருங்கள். தனியாக வைக்கச் சொல்வது ஏனென்றால், ரத்தத்தைப் பார்த்தால் மற்றக் கோழிகளே கொத்திக் கொன்றுவிடும்.

அந்த இரண்டு அம்மாமாரை மறுபடி பார்த்தது பிப்ரவரியில், கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில். மிஞ்சிய நான்கும் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுமாக ஒரு பஞ்சாரம், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாயும் வந்திருந்தது, அதற்கு வெறிநோய் ஊசி போடும் தவணை. பெரிய கோழிகளுக்கு இறக்கைக்கு அடியில் ஊசி, குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு என்று முடித்துவிட்டு நாயைக் கொண்டுவரச் சொன்னேன். நாய்க்கார அம்மா சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "யக்கா, பஞ்சாரத்த அங்கிட்டு நகர்த்தி வைங்க, இவன் பார்வை சரியில்ல" என்றார்.