தலையை என்ன செய்வீர்கள், டாக்டர்?

உடல் தானப் படிவம் வாங்க எங்கள் உடற்கூறியல் துறைக்கு வருகிறவர்களில் சிலர், கையெழுத்துப் போடும் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடி ஜாடியில் மிதக்க விடுவோமோ, கண்காட்சியில் நிறுத்திவிடுவோமோ என்ற பயம். உடற்கூறியலின் பழைய வரலாற்றைப் புரட்டினால் அது வீண் பயம் என்று சொல்ல முடியாது.

சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரர். எலும்புக்கூடே 7 அடி 7 அங்குலம். லண்டனில் தன் உயரத்தைக் காட்டிப் பிழைத்தவர். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டருக்குத் தன் உடல்மேல் ஒரு கண் என்று பைர்னுக்குத் தெரியும். "ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிடுங்கள்" என்று நண்பர்களிடம் சொல்லி வைத்தார். 1783-ல், 22 வயதில் இறந்தார். ஹன்டர் காசு கொடுத்து உடலைக் கைப்பற்றி, கொதிக்க வைத்துச் சதையைக் கழற்றி, எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டார். லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1909-ல் அந்த மண்டையோட்டை ஆராய்ந்துதான் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறே அவ்வளவு உயரத்துக்குக் காரணம் என்றார்கள். லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் மனிதர் வேண்டாம் என்றாரே! காட்சியிலிருந்து எடுப்பதாக அறிவிக்க 2023 ஆகிவிட்டது. அப்போதும் கடலுக்கு அனுப்பவில்லை, ஆய்வுக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிர், தத்துவவாதி ஜெரமி பெந்தாம். 1832-ல் இறந்தபோது, தன்னை அறுத்துப் பாடம் நடத்தவும், பிறகு எலும்புக்கூட்டுக்குத் தன் உடைகளையே போட்டு உட்கார வைக்கவும் உயில் எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இன்றும் உட்கார்ந்திருக்கிறார். தலைதான் சொதப்பிவிட்டது. கந்தக அமிலத்தின் மேல் வைத்து, காற்றை உறிஞ்சி நீரை வற்றவைத்ததில் முகம் கறுத்துத் தோல் போல இறுகி, பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் மெழுகில் ஒரு தலை செய்து பொருத்தினார்கள்.

அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தலை எப்போதுமே கஷ்டமான சமாச்சாரம். இன்று நாங்கள் உடல் கெடாமலிருக்கத் தொடைத் தமனியைத் திறந்து ஃபார்மலின், கிளிசரின், ஃபீனால் கலந்த திரவத்தை லிட்டர் கணக்கில் ஏற்றுகிறோம். விரல்கள் விறைக்கும், தோலின் நிறம் மாறும், அறையில் நிற்பவர்களுக்குக் கண் எரியும். அவ்வளவு செய்தும், இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் மூளைக்குத் திரவம் சரியாகப் போகாது. உடல் தாமதமாக வந்தால் மண்டையைத் திறக்கும்போது கூழாகத்தான் இருக்கும். ஃபார்மலின் திசுவை இறுக்கும் என்று கண்டுபிடித்ததே 1893-ல். பெந்தாமின் நண்பர்களுக்கு அந்த வசதி ஏது?

பெந்தாம் இறந்த அதே 1832-ல் இங்கிலாந்தில் உடற்கூறியல் சட்டம் வந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை ஒரு மருத்துவருக்கு விற்றிருந்தார்கள். அந்தத் திருட்டு வியாபாரத்தை ஒழிக்க வந்த சட்டம், ஏழைகள் விடுதியில் கேட்பாரற்று இறந்தவர்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் திருப்பிவிட்டது. நம் ஊர்ச் சட்டமும் உரிமை கோரப்படாத உடல்களை நம்பி எழுதப்பட்டதுதான். கேட்க நாதியில்லாதவரை மேசையில் கிடத்துவதைவிட, தெரிந்தே கையெழுத்துப் போட்டவரிடம் மாணவர்கள் பாடம் படிப்பது எவ்வளவோ மேல். அதனால்தான் உடல் தானத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

சரி, தலைக்கு வருவோம். பூசி மெழுக மாட்டேன். தலையும் பாடத்துக்குத்தான். மண்டையை ரம்பத்தால் திறந்து மூளையை எடுத்துத் தனியே பாதுகாப்போம், எலும்புகளையும் நாங்களே வைத்துக்கொள்ளக்கூடும். உடல் பொதுவாக வீட்டுக்குத் திரும்பி வராது. பாடம் முடிந்தபின் மிச்சத்தை எப்படி அடக்கம் செய்வார்கள் என்று அந்தந்தக் கல்லூரியிலேயே முன்கூட்டிக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கண் தானம் செய்தாலும் பெரும்பாலும் உடலை ஏற்றுக்கொள்வோம். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். பிரேதப் பரிசோதனை ஆன உடல், எச்ஐவி, ஹெபடைடிஸ் போன்ற தொற்று இருந்த உடல் என்றால் மறுத்துவிடுவோம். அப்புறம், படிவத்தை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். இறந்தபின் எங்களுக்குப் போன் செய்ய வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். பிள்ளைகளில் ஒருவர் அழுது மறுத்தாலும் நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவோம்.