ஈசிஇ முடித்தவரிடம் நாங்கள் தேடுவது

ஹார்டுவேர் வேலைக்கு வருபவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. 12 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து 7805 (வோல்டேஜை 5-க்குக் குறைத்து நிலையாக வைக்கும் ஐசி) வைத்து 5 வோல்ட் எடுக்கிறீர்கள், போர்டு 500 மில்லிஆம்பியர் இழுக்கிறது, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கிடையாது. என்ன ஆகும்?

"5 வோல்ட் வரும் சார்" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வரும், கொஞ்ச நேரத்துக்கு. மீதி 7 வோல்ட் எங்கே போகிறது? அதை 0.5 ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட், அத்தனையும் அந்தச் சின்ன ஐசிக்குள் சூடாகிறது. ஐசி தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைத் திறந்தால், ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 பேக்கேஜில் (இந்த ஐசி வழக்கமாக வரும் மூன்று கால் உறை) ஒரு வாட்டுக்குச் சுமார் 50 முதல் 65 டிகிரி வரை ஏறும் என்று போட்டிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். குறைந்த எண்ணை எடுத்தாலே 175 டிகிரி, அதன்மேல் நம்மூர் வெயிலுக்கு இன்னொரு 35. அவ்வளவு தூரம் போவதற்குள் ஐசி தானாகவே அணைந்துவிடும், ஆறியதும் மறுபடி எழும், மறுபடி அணையும். வெளியிலிருந்து பார்த்தால் போர்டை இயக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் காரணமே இல்லாமல் ரீசெட் ஆவதுபோலத் தெரியும், கோடில் தப்பு இருக்கிறது என்று நாள்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே தடுமாறுகிறார்கள் என்றால், நாலு வருடத்தில் ஒரு டேட்டாஷீட்டைக்கூட முழுசாகப் படிக்க யாரும் அவர்களை உட்கார வைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிவிடுவது. ஐ2சி (இரண்டு லைனில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) சென்சார் பதில் சொல்லவில்லை என்றால், அந்த லைன்களைச் சப்ளையோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் போட்டோமா, 5 வோல்ட் ஆர்டுயினோவின் லைனை 3.3 வோல்ட் ஈஎஸ்பி32 போர்டின் பின்னில் நேராகக் கொடுத்துவிட்டோமா, இரண்டு போர்டுக்கும் கிரவுண்ட் சேர்ந்திருக்கிறதா, ஐசியின் சப்ளை பின்னுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அளந்து பார்த்துக் கழித்துக்கொண்டே வருவதுதான் எங்கள் தினசரி வேலை. அதைக் கற்றுக்கொள்ளக் கல்லூரியில் கிடைக்கும் நல்ல வாய்ப்பையே காசு கொடுத்து இழந்துவிடுகிறீர்கள். "ப்ராஜெக்ட்ல எது வேலை செய்யல, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால் சொந்தமாகச் செய்தவர் நிறுத்தாமல் பேசுவார். வாங்கியவர் பிளாக் டயகிராமை ஒப்பிப்பார்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. போர்டு வரையும் கிகேட், சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் இரண்டும் இலவசம், ஐஐடிக்களின் என்பிடெல் ஆன்லைன் பாடங்களும் அப்படியே. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் பாகங்கள் கிடைக்கும். எம்பெடட் (மைக்ரோகன்ட்ரோலருக்கு ப்ரோகிராம் எழுதும் வேலை) பக்கம் போகிறவர்கள் சி மொழியை ஒழுங்காகப் படியுங்கள்: பாயின்டர், பிட் ஆபரேஷன், இன்டரப்டில் மாறும் வேரியபிளுக்கு ஏன் வோலடைல் (volatile) என்ற சொல்லைப் போடுகிறோம் என்பது. மற்ற மொழிகள் அப்புறம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தெரிந்துகொண்டு வாருங்கள். மேஜையில் வைக்கும் சாதாரண ஆசிலோஸ்கோப்பில் ப்ரோபின் கிரவுண்ட் கிளிப், உள்ளே மெயின்ஸ் எர்த்தோடு இணைந்திருக்கும். எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையின் பிரைமரி பக்கத்தில் (மெயின்ஸோடு நேராக இணைந்த பகுதி) அதை மாட்டினால் நேரடி ஷார்ட். இதைத் தவிர்க்கிறோம் என்று ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அப்போது ஸ்கோப்பின் உலோகப் பகுதியே லைவ் ஆகி, தொடுகிறவர் உயிர் போகலாம். எர்த்தைத் தொடாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரென்ஷியல் ப்ரோப் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் யார் சொன்னாலும் அந்த அளவீட்டை எடுக்காதீர்கள்.