மாட்டின் வாய்க்குள் கையை விடும் முன்

"டாக்டர், மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கல. வாயில எச்சில் ஒழுகிட்டே இருக்கு. தொண்டையில ஏதோ சிக்கியிருக்கும்னு கையை விட்டுப் பார்த்தேன், ஒண்ணும் தட்டுப்படல."

கால்நடை மருத்துவம் பார்க்கும் எல்லோரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். இதைக் கேட்டதும் நான் மாட்டைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அவருடைய கையைப் பற்றித்தான் விசாரிப்பேன். கீறல் இருக்கிறதா, நகக்கண்ணில் புண் இருக்கிறதா, சோப்புப் போட்டுக் கழுவினாரா என்று. விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும் மாட்டுக்குத் தொண்டை அடைப்பும் இருக்கலாம், ரேபிஸும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் சுமார் 99 சதவீதம் நாயால் வருவது. அதே வெறிநாய் இரவில் கொட்டிலுக்குள் நுழைந்து மாட்டையும் கடிக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் வெளிப்படும்போது கடித்த இடம் ஆறியே போயிருக்கும். எல்லா மாடும் வெறித்து முட்ட வருவதில்லை. சில மாடுகள் குரல் கம்மி ஓயாமல் கத்தும், முக்கிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் தள்ளாடும். சில மாடுகள் சும்மா சோர்ந்து நிற்கும். அந்தச் சோர்ந்த மாட்டின் வாயில்தான் நாம் கையை விடுகிறோம். எச்சிலில் வைரஸ் இருக்கும், நம் விரலில் ஒரு சின்னச் சிராய்ப்பு இருந்தால் அதுவே வழி.

அப்படிக் கையை விட்டுவிட்டால் என்ன செய்வது? உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். அப்புறம் அன்றைக்கே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மாட்டுக்கு என்ன நோய் என்று உறுதியாகும் வரை காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்தபின் ரேபிஸிலிருந்து பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதற்கு முன்பே முறையாக ஊசி போட்டுக்கொண்டால் அநேகமாக எல்லோரையும் காப்பாற்றிவிடலாம்.

இதே வீட்டில் இன்னொரு பதற்றமும் வரும். "இந்த மாட்டுப் பாலைத்தானே எல்லோரும் குடித்தோம்!" காய்ச்சிய பாலில் இந்த வைரஸ் உயிரோடு இருக்காது. அந்த வீட்டுக் குழந்தைகளை நினைத்து இரவெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. பச்சையாகக் குடித்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய்ப்பட்ட மாட்டின் பாலை எந்த வகையிலும் பயன்படுத்தாதீர்கள்.

ரேபிஸைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கால்நடையிலிருந்து வைரஸ் நமக்கு வருவது பெரும்பாலும் நாம் அதற்கு ஏதாவது உதவி செய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான். மருந்து புகட்டுகிறோம், உண்ணி பிடுங்குகிறோம், கன்றை இழுத்து எடுக்கிறோம், புண்ணைத் துடைக்கிறோம். அக்கறையோடு வளர்ப்பவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதனால் நோயின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, கை எங்கெங்கே படுகிறது என்று கவனிப்பது நல்லது.

பால் கறப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டம்மை வந்த மடியில் கொப்புளம் இருக்கும், கறப்பவரின் விரலிலும் அதேபோல் வரும். 1796இல் ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் முதல் பெரியம்மைத் தடுப்பு ஊசிக்கு எடுத்தது, பால் கறக்கும் ஒரு பெண்ணின் கையில் இருந்த இப்படிப்பட்ட கொப்புளத்து நீரைத்தான். எருமையம்மையும் இதே வழியில் வருகிறது. பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆனால் புண்பட்ட அந்தக் கையாலேயே அடுத்த மாட்டைக் கறந்தால் அதற்கும் கொடுத்துவிடுகிறோம். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், கறந்தபின் கையைக் கழுவ வேண்டும்.

ஆட்டுக்குட்டிக்கு உதட்டைச் சுற்றிக் கரடுமுரடாகப் பொருக்குத் தட்டியிருக்கும், ஓர்ஃப் என்கிற வாய்ப்புண் வைரஸால். பால்புட்டியைப் பிடித்துக் குடிக்க வைப்பவரின் விரலில் சில நாளில் சிவந்த, நடுவில் வெளுத்த ஒரு கட்டி எழும்பும். அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடுகிறார்கள், இருக்கிற ஆன்டிபயாடிக்கையெல்லாம் விழுங்குகிறார்கள். கீறினால் ஆறுவதற்கு இன்னும் நாளாகும். மூடிக் கட்டிவைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தானே போய்விடும். கீழே உதிர்ந்த பொருக்கில் வைரஸ் பல மாதம் தாங்கும் என்பதால் அந்தப் பட்டியைச் சுத்தம் செய்யும்போதும் கையுறை வேண்டும்.

உண்ணி இன்னும் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் இங்கே மாடு நோயாளியாகவே தெரியாது. உண்ணி பரப்பும் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸ் மாடு, ஆடுகளின் ரத்தத்தில் ஒரு வாரம்போல இருந்துவிட்டுப் போகும், அவை வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும். மனிதருக்கு வந்தால் 10 முதல் 40 சதவீதம் பேர் இறக்கிறார்கள். இந்தியாவில் இது முதன்முதலில் உறுதியானது 2011 ஜனவரியில், குஜராத்தில். நோயாளியோடு, அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் உயிரிழந்தார்கள். நம்மில் பலர் உண்ணியைப் பிடுங்கி இரண்டு நகத்துக்கு நடுவே வைத்து 'டப்' என்று நசுக்குவோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். இறைச்சிக்கு அனுப்பும் விலங்குக்கு இரண்டு வாரம் முன்பே உண்ணி மருந்து அடித்துவிட்டால், வெட்டுகிறவரின் உயிருக்கும் பாதுகாப்பு. கர்நாடகத்தில் 1957இல் கண்டறிந்த குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் வருவதுதான். அதில் மாட்டுக்கு நோய் வராது, ஆனால் காட்டில் மேயும் மாடுகளின் ரத்தத்தைக் குடித்துத்தான் அந்த உண்ணிகள் பெருகுகின்றன.

பிரசவ வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் 2000ஆம் ஆண்டு சவூதி அரேபியாவுக்கும் ஏமனுக்கும் பரவியது. மந்தையில் ஒரே நேரத்தில் பல ஆடு மாடுகள் கன்று வீசினால், அதாவது கரு கலைந்து விழுந்தால், அது இந்தக் காய்ச்சலின் அறிகுறி. வீசிய கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டவர்களுக்கு அது வந்தது. அந்த வைரஸ் இல்லாத இடத்திலும் புருசெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இதே வழியில்தான் வருகின்றன. ஆகவே கன்று வீசினால் முழங்கை வரை கையுறை, ஆழக் குழி, மேலே சுண்ணாம்பு. நாய் இழுத்துக்கொண்டு போக விடக்கூடாது.

இனி நிபா வைரஸ். 1998இல் மலேசியாவில் பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும், இதிலோ பன்றிகளோடு புழங்கும் பெரியவர்கள் விழுந்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் வந்தது. அதே பண்ணைகளில் பன்றிகள் பலத்த சத்தத்தோடு இருமிக்கொண்டிருந்தன. மனிதரின் காய்ச்சலையும் பன்றியின் இருமலையும் சேர்த்துப் பார்த்தபின்தான் புதிய வைரஸ் என்று தெரிந்தது. அதற்குள் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். பன்றிக் கொட்டில்களை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன, பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்டதைப் பன்றிகள் தின்றன. இன்றைக்குப் புதிதாகக் கொட்டில் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பழமரத்துக்கு அடியில் போடாதீர்கள், தீவனத் தொட்டிக்கு மேலே கூரை இருக்கட்டும்.

பறவைக் காய்ச்சல் என்றால் கோழி மட்டும்தான் என்ற எண்ணம் 2024 மார்ச்சில் மாறியது. அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. பால் திடீரெனக் குறைந்து, சீம்பால் போல மஞ்சளாகக் கெட்டிப்பட்டது. அந்தப் பாலில் வைரஸ் ஏராளமாக இருந்தது, பச்சையாகக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. பால் கறந்த தொழிலாளர்கள் பலருக்குக் கண்தான் சிவந்தது. முகத்தில் தெறிக்கும் ஒரு துளிப் பால் போதும் என்பதால், நோய் சந்தேகம் இருக்கும் பண்ணையில் கறப்பவர்களுக்குக் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். காய்ச்சிய பாலில் இந்த வைரஸும் தாங்காது.

நம்மிடமிருந்து அவற்றுக்கும் போகிறது. 2009ஆம் ஆண்டின் எச்1என்1 காய்ச்சலை மனிதர்கள் பல நாடுகளில் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். 2020இல் டென்மார்க்கில், ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு விலங்கின் பண்ணைகளுக்கு மனிதர்களிடமிருந்து போன கொரோனா, சற்று மாறி மறுபடி மனிதர்களுக்கே வந்தது. உங்களுக்குச் சளிக்காய்ச்சல் என்றால் பன்றி, கோழி வேலையை அந்த நாட்களுக்கு வேறொருவர் பார்க்கட்டும்.

சரி, எல்லா நோய்க்கும் இப்படிப் பயப்பட வேண்டுமா? வேண்டாம். மாட்டின் தோல் கழலை நோயும், ஆட்டுக்கொல்லி நோயும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் மனிதருக்கு வராது. கோமாரி வருவது மிக மிக அரிது, வந்தாலும் லேசாகப் போய்விடும். உடம்பெல்லாம் கழலையோடு நிற்கும் மாட்டை, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவிழ்த்து விரட்டுவது வீண் கொடுமை.

கடைசியாக ஒன்று. காய்ச்சல் என்று நீங்கள் மருத்துவரிடம் போகும்போது அவர் உங்கள் தொழிலைக் கேட்காமல் விடலாம். நீங்களாகவே சொல்லுங்கள்: என்னென்ன விலங்கு வளர்க்கிறீர்கள், சமீபத்தில் எது செத்தது, எது கன்று வீசியது, உண்ணி கடித்ததா, பச்சைப் பால் குடித்தீர்களா. அதேபோல மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வரும் எங்களிடம், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.