மிச்ச நூலும் பிஞ்சு விரலும்

வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்று தெரிந்தால் போதும், அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும் வூல் பை கீழே இறங்கிவிடும். எப்போதோ ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நீலம், கனடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த மஞ்சளில் பாதி, புறக்கோட்டையில் மலிவாகக் கிடைத்த ரோஸ். எல்லாம் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள். பெரியவர்களுக்குப் பின்ன அவை காணாது. பிள்ளையின் பாதம்தான் விரல் நீளமே இருக்கிறதே! அதனால் மிச்ச நூல் எல்லாம் பிள்ளைக்கு என்றாகிவிட்டது.

நான் கொழும்பில் குழந்தைகள் வார்டில் 17 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். அம்மா பழக்கிய பின்னலும் கையில் இருக்கிறது. ஆகவே பின்னாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மிச்ச நூலைக் கொண்டு பின்னும்போது கூடுகிற ஓர் ஆபத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் இரண்டு மாதப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தாயும் அம்மம்மாவும் வந்தார்கள். முதல் நாள் மாலையிலிருந்து விடாத அழுகை. பால் கொடுத்தாயிற்று, வயிற்றைத் தடவியாயிற்று, கிறைப் வோட்டரும் கொடுத்தாயிற்று, கண்ணூறும் கழித்தாயிற்று. காய்ச்சல் இல்லை. உடுப்பை முழுதாகக் கழற்றுங்கள் என்றேன். ஐந்து நிறத்தில் கோடு கோடாக அழகான காலுறை போட்டிருந்தது. இடது காலுறையைக் கழற்றினால், நடுவிரல் மட்டும் திராட்சைப்பழம் போல வீங்கிக் கருநீலமாக இருந்தது. விரலின் அடியில் ஒரு மெல்லிய பள்ளம். அதற்குள் ஒரு நூலிழை. வீக்கத்தில் தோல் மேலே மூடியிருந்ததால் முதலில் எங்கள் கண்ணுக்கும் படவில்லை. டொக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் அறுத்து எடுத்தார். விரல் தப்பிவிட்டது.

“நான் பாத்துப் பாத்துப் பின்னினது பிள்ளை, எப்பிடி இப்பிடி வந்தது?” என்று அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்தக் காலுறையை உள்புறமாகத் திருப்பிக் காட்டினேன். அவர் பின்னலில் ஒரு கண் பிசகவில்லை. பிழை நூல் நுனிகளில் இருந்தது.

பின்னுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். ஒரே நிறத்தில் பின்னினால் தொடக்கத்தில் ஒரு நுனி, முடிவில் ஒரு நுனி, மொத்தம் இரண்டு. ஐந்து மிச்ச உருண்டைகளில் பின்னினால் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டிரண்டாகப் பத்து. சோடிக்கு இருபது. அத்தனையும் உள்பக்கம், விரல்கள் இருக்கும் பக்கம். பூ வேலைப்பாடு என்றால் இன்னும் மோசம். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது உள்ளே நூல் பாலம் போல ஓடும். பிள்ளை காலை உதைத்துக்கொண்டே இருக்கும். விரல் ஒரு இழைக்குள் நுழைந்து, உதைக்க உதைக்க அது சுற்றி இறுகும். முதலில் இரத்தம் திரும்பிப் போகும் வழி அடைபடும், விரல் வீங்கும், வீங்க வீங்க நூல் இன்னும் இறுகும், கடைசியில் இரத்தம் உள்ளே வருவதும் நின்றுபோகும். கவனிக்காமல் விட்டால் விரலையே இழக்க நேரலாம். தாயின் தலைமுடி சுற்றியும் இதே நடக்கும். பிள்ளை பிறந்து சில மாதங்களில் தாய்க்கு முடி கொட்டுகிற காலமும் இதுதான்.

காரணம் தெரியாத அழுகை என்றால் வயிற்றுக்குப் போவதற்கு முன் பத்துக் கால்விரல், பத்துக் கைவிரல், ஆண்பிள்ளை என்றால் ஆணுறுப்பு, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். நூல் தளர்வாக இருந்து கையோடு வந்தால் சரி. தோலுக்குள் பதிந்திருந்தால் பிளேட்டைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம். முடி நீக்கும் கிரீம் பூசினால் கரையும் என்று ஒரு கைவைத்தியம் சுற்றுகிறது. அது தலைமுடிக்குத்தான் ஏதோ செய்யும். கொட்டன் (பருத்தி) நூலையும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலையும் அது கரைக்காது; நேரம்தான் போகும்.

பின்னுகிற கைக்கு நான் சொல்வது இது. ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் காலுறை பின்னியே ஆகவேண்டும் என்றால் ஒரே நிறத்தில், ஒரே நூலில் பின்னுங்கள். நுனியை 15 சென்ரிமீற்றராவது விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, ஒரு திசையில் போய், திரும்பி வந்து, இன்னொரு திசையிலும் செருகுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டும் பழக்கம் வேண்டாம். அக்ரிலிக் வழுக்கும், இரண்டு சலவையில் முடிச்சு அவிழும். ஒவ்வொரு தடவை போடுமுன்னும் உள்புறமாகத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். கையுறை? அது வேண்டவே வேண்டாம். நகத்தை வெட்டிவிட்டால் போதுமே.

தொப்பியும் வேண்டாம்; அதற்குக் காரணம் சூடு. கொழும்பில் வருடம் முழுவதும் பகல் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. பிள்ளை மேலதிகச் சூட்டை வெளியே விடுவதில் தலைக்குப் பெரிய பங்கு. அதை மூடிவிட்டு, ஃபானையும் நிறுத்திவிட்டு, “பிள்ளைக்கு மேல் சுடுகிறது மிஸ்” என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தொப்பியைக் கழற்றி அரை மணித்தியாலம் வைத்திருந்தால் சூடு இறங்கிவிடும் பிள்ளைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நித்திரையில் தொப்பி நழுவி மூக்கை மூடும் பயம் வேறு. குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு வார்டில் நாங்களே தொப்பி போடுவோம்தான். அது உடல் சூட்டை அளந்து பார்த்துச் செய்வது. வீட்டுக்கு வந்த நிறைமாதப் பிள்ளைக்கு இந்த ஊர் வெயிலே காணும்.

அந்தக் குறைமாதப் பிள்ளைகளுக்கென்று குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், ஒக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கும் பழக்கம் 2013இல் டென்மார்க்கில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் போனது. அங்கே மிச்ச நூல் என்ற பேச்சுக்கே இடமில்லை: முழுக் கொட்டன், 60 பாகை வெந்நீர்ச் சலவையைத் தாங்க வேண்டும், கால்கள் இழுத்தாலும் 22 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. நீளம் கூடினால் கழுத்தைச் சுற்றலாம் அல்லவா? வீட்டில் பொம்மை செய்கிறவர்களுக்கும் இது நல்ல அளவுகோல். கண்ணுக்குப் பட்டன் தைக்காமல் நூலாலேயே கண் போடுங்கள்.

பூச்சி அரிக்காமல் இருக்க அலுமாரியில் வைத்த வூலுக்கு நெப்தலீன் உருண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில பிள்ளைகளின் இரத்தச் சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு அந்த உருண்டையின் வாசம் ஏறிய உடுப்பே சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சட்காமாலையைக் கடுமையாக்கப் போதும். வெளியே பார்த்து யாருக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. நான் நூலைச் சிப் பையில் போட்டு இறுக்கி, ஃப்ரீசரில் ஒரு கிழமை வைத்துவிட்டுத்தான் அலுமாரியில் அடுக்குகிறேன். மீன் பார்சலுக்குப் பக்கத்தில் வூல் கிடப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்ப மிச்சத்தை என்ன செய்ய? அம்மம்மாவும் இதைத்தான் கேட்டார்.

முதலில் அது என்ன நூல் என்று தெரிய வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் வூல் என்கிறோம். உண்மையில் கடையில் லேபல் இல்லாமல் வாங்கியதில் பெரும்பாலானவை அக்ரிலிக்; டுபொன்ட் 1950இல் ஓர்லோன் என்று சந்தைக்குக் கொண்டுவந்த, பெற்றோலியத்திலிருந்து வரும் இழையின் உறவு. சந்தேகம் இருந்தால் கழுவு தொட்டியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, சிறு துண்டை இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், புகையை முகராதீர்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து மெல்லிய சாம்பல் விழுந்தால் கொட்டன். தலைமுடி கருகும் வாசம் வந்து, தீயை எடுத்ததும் அணைந்தால் ஆட்டு உரோமம். உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றால் அக்ரிலிக்.

இது தெரியாமல்தான் பலர் மிச்ச அக்ரிலிக்கில் பிடிதுணி பின்னுகிறார்கள். கொதிக்கும் சட்டியைப் பிடித்தால் அது இளகிக் கையில் ஒட்டும்; கேஸ் நெருப்பில் பட்டால் எரிந்துகொண்டே சொட்டும். உருகிய பிளாஸ்ரிக் காயம் தோலோடு ஒட்டிக்கொள்வதால் அதற்கு மருந்து கட்டுவது எங்களுக்கும் வேதனைதான். அடுப்படிக்குக் கொட்டன் மட்டும், அதுவும் இரட்டை மடிப்பாக, காய்ந்ததாக. ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

அக்ரிலிக் மிச்சம் மலைநாட்டுச் சொந்தக்காரருக்கு உதவும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தாத்தா பாட்டிகளின் முழங்கால் போர்வைக்குப் பல நிறச் சதுரங்களைச் சேர்த்துத் தையுங்கள். எத்தனை நுனி இருந்தாலும் பரவாயில்லை. நூல் காணுமா என்று தவிக்காமல் சமையல் தராசில் நிறுங்கள். லேபலில் 50 கிராம், 115 மீற்றர் என்றிருந்து கையில் 18 கிராம் மிஞ்சினால் ஏறக்குறைய 41 மீற்றர் இருக்கிறது. சாதாரணப் பின்னலில் ஒரு வரிசைக்கு அகலத்தைப் போல மூன்று மடங்கு நூல் போகும். நான் நாலு மடங்கும் நுனிக்கு ஒரு சாணும் மிஞ்சும்போதே நிறத்தை மாற்றிவிடுவேன். நூலின் தடிப்பு ஒத்துவராத இரண்டு உருண்டைகள் என்றால், மெல்லியதை இரட்டையாகப் பிடித்துப் பின்னினால் பெரும்பாலும் மற்றதோடு சேர்ந்துவிடும்.

விரல் நீளத்துக்கும் குறைந்த துண்டுகளை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் சேர்த்து, நிறைந்ததும் ஊசி குத்தும் மெத்தைக்குள் அடைக்கிறேன்.

அந்த அம்மம்மா மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் பிள்ளையோடு வந்தார். பிள்ளையின் கால் வெறுங்கால். பையிலிருந்து கொட்டன் நூலில் குரோஷே போட்ட ஒரு பிரிமணையை எடுத்துத் தந்தார், ஐந்து நிறத்தில். அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நுனிகூட வெளியே தெரியவில்லை.