மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தேவாரம்

‘மாசில் வீணையும்’ ஓதும்போது உடம்பே குளிர்கிறதே, ஏதாவது அதிர்வு அலையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் சுற்றும் அதிர்வு வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கேள்வியில் விஷயம் இருக்கிறது.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

7ஆம் நூற்றாண்டு அப்பர், சுண்ணாம்பு வேகும் நீற்றறையில் அடைபட்டபோது பாடியது என்கிறது பெரியபுராணம். மாசில், வீசு, மூசு, ஈசன் என்று எதுகை; அது பள்ளிப் பாடம். புள்ளி எழுத்தை விட்டு எண்ணுங்கள்: அடிக்கு 11, நான்கிலும் பிசகில்லை.

என்னை மயக்குவது முதல் அடிதான். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள். ‘மாலை மதியமும்’ கிட்டத்தட்ட ‘பாலை பதியபுப்’ ஆகிவிடும், சளி பிடித்தவர் பேசுவதுபோல. மகரத்துக்கு உதடு மூடுகிறது. அதே நேரம் அண்ணத்தின் பின்பக்கச் சதை தாழ்ந்து மூக்குக்கு வழிவிடுகிறது. மூச்சு அந்த வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். இந்த அடியில் மொத்தம் 14 எழுத்து. அதில் 7 மூக்கொலி!

சரி, வல்லினம்? சி, தி இரண்டே இரண்டு. இரண்டும் உயிரொலிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இளகிவிட்டன. ‘தந்தை’யின் முதல் தகரத்துக்குப் பல்லில் அழுந்தும் நாக்கு, ‘மதி’யில் சும்மா உரசிவிட்டுப் போகிறது. ‘மாசில்’ சகரமும் உரசல்தான். ஆக, இன்று நாம் ஓதும் உச்சரிப்பில், அடி முழுக்க மூச்சு ஓரிடத்திலும் அடைபடுவதில்லை. மீட்டிய தந்தியின் கார்வை மாதிரி ஓடுகிறது. முதல் அடைப்பு அடுத்த அடியில், அதுவும் தென்றலில் போய்! அப்புறம் ‘வண்டறை’யில் நாக்கு மடிந்து முட்டுகிறது, ‘பொய்கை’யில் உதடு ஒட்டுகிறது.

ஒரு மைக்கும் ஒலி அலையை வரைந்து காட்டும் இலவச மென்பொருளும் இருந்தால் இதைத் திரையிலேயே பார்க்கலாம். ‘பொய்கை’யின் பகரத்துக்கு முன் சின்ன வெற்றிடம் விழும், முதல் அடியில் அப்படி எதுவும் விழாது. கருத்தரங்க மேடைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் காசில் கால்வாசியைத் தமிழ்த்துறைகள் இதற்கு ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

அதற்காக மகரம் என்றாலே குளிர்ச்சி என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். குளிர்ச்சியைத் தருவது நிலவும் தென்றலும் பொய்கையும். ஒலி அவற்றுக்குக் குறுக்கே நிற்காமல் வழிவிடுகிறது, அவ்வளவே. மம்மட்டியிலும்தான் மூன்று மகரம் இருக்கிறது.