அலர்ஜியா, ஒவ்வாமையா?

மார்த்தாண்டம் சந்தையில் யாரிடம் கேட்டாலும் "எனக்குக் கணவா சேராது, தின்னா உடம்பெல்லாம் தடிக்கும்" என்பார்கள், இல்லையென்றால் அலர்ஜி என்பார்கள். ஒவ்வாமை பாடப்புத்தகச் சொல்லாகவே நின்றுவிட்டது.

அலர்ஜி கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'அலோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். 1906-ல் இதை உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. தொண்டை அடைப்பானுக்குக் குதிரைச் சீரம் போடுகிற காலம் அது. இரண்டாம் முறை போட்ட பிள்ளைகள் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் முன்னைவிடச் சீக்கிரமாக வந்ததைப் பார்த்து, ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடம்பு அடுத்த முறை வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இந்தப் பெயரை வைத்தார். நன்மை, தீமை இரண்டும் அதில் அடக்கம். பிறகு தீமை மட்டும் தங்கிவிட்டது.

'ஒவ்வு' என்றால் பொருந்து. பொருந்தாமல் போவது ஒவ்வாமை. இன்றைய பொருளுக்கு இதுதான் கச்சிதம். ஆனால் பால் குடித்து வயிறு உப்புவதையெல்லாம் இதில் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் செரியாமை. ஒவ்வாமை என்பது நோய் எதிர்ப்பு ஆற்றல் ஆள் தெரியாமல் அடிப்பது.

பிர்கே சொன்ன நல்ல பாதியைப் பார்க்க வேண்டுமானால் மாட்டுத் தொழுத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள், மரபணுவில் நெருங்கியவர்கள். குதிரையும் கறவை மாடுமாக வாழ்கிற ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், இயந்திரப் பண்ணை ஹட்டரைட் பிள்ளைகளில் 21 என்று 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியா உறைத் துணுக்குகள் ஹட்டரைட் வீட்டைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு இருந்தன. அம்மா இடுப்பில் உட்கார்ந்து சாணி வாசமும் வைக்கோல் தூசியும் கன்றுக்குட்டியின் நக்கலும் வாங்கி வளர்கிற பிள்ளையின் உடம்பு, எதற்குச் சண்டை போட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே பழகிக்கொள்கிறது போலும். ஆய்வாளர்கள் இதைப் பண்ணை விளைவு என்கிறார்கள்.

ரப்பர் தோட்டத்து ஓரம் ஒற்றைப் பசு கட்டிய நம்மூர் வீட்டுக்கு அந்தக் கணக்கை அப்படியே ஒட்ட முடியாது. ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளையைத் தொழுத்தில் விட்டால் கூடத்தான் செய்யும். அப்புறம், பச்சைப் பால் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். புருசெல்லா என்ற பாக்டீரியாவால் காய்ச்சல் வரலாம், காய்ச்சியே கொடுங்கள்.